ஈசாக்கு மீண்டும் தோண்டிய கிணறுகள்

(வானொலியில் வழங்கப்பட்ட மறையுரை. விவிலியப் பகுதி: தொடக்கநூல் 26:12-33)



செப்டம்பர் முதல் நாள் தொடங்கி, அசிசி நகர்ப் புனித பிரான்சிசின் திருநாளான அக்டோபர் 4 வரை, திருஅவை 'படைப்பின் காலம்' கொண்டாடுகிறது. சென்னையில் அந்தக் காலம் முடியும் கையோடு வடகிழக்குப் பருவமழை வந்து வாசலில் நிற்கும். பெருங்குடியிலும் வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் துரைப்பாக்கத்திலும் வாழும் நமக்கு ஐப்பசி பிறந்தாலே இரண்டு மன்றாட்டுகள் உண்டு. மழை வரவேண்டும் என்பது ஒன்று. அந்த மழை வீட்டுக்குள் வந்துவிடக் கூடாது என்பது மற்றொன்று. ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் இந்த இரண்டு மன்றாட்டுகளுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அந்த இடம் நம் வீடுகளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று இறைவார்த்தையின் ஒளியில் சிந்திக்கப் போகிறோம்.

தொடக்கநூல் 26-ஆம் அதிகாரத்தில் ஈசாக்கைச் சந்திக்கிறோம். நாட்டில் பஞ்சம். அவர் கெராரில் குடியேறி விதைக்கிறார். ஆண்டவருடைய ஆசியால் நூறு மடங்கு அறுவடை செய்கிறார். அவருடைய ஆடுமாடுகளும் வேலையாள்களும் பெருகுவதைக் கண்ட பெலிஸ்தியருக்குப் பொறாமை. ஆபிரகாமின் காலத்தில் வெட்டப்பட்ட கிணறுகளையெல்லாம் அவர்கள் மண்ணைப் போட்டுத் தூர்த்துவிட்டிருந்தார்கள். வறண்ட நாட்டில் கிணற்றைத் தூர்ப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று எண்ணிப் பாருங்கள். அந்தத் தண்ணீரைத் தூர்த்தவரும் குடிக்க முடியாது, மற்றவரும் குடிக்க முடியாது. அந்த ஊருக்கே அது இல்லாமல் போகிறது.

ஈசாக்கு என்ன செய்தார்? சண்டைக்குப் போகவில்லை. பள்ளத்தாக்கில் கூடாரம் அடித்து, தந்தையின் காலத்துக் கிணறுகளை மறுபடியும் தோண்டினார். தந்தை இட்ட அதே பெயர்களையே அவற்றுக்கு மறுபடியும் இட்டார். இந்தச் சிறு குறிப்பை நாம் பெரும்பாலும் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம். ஒரு நீர்நிலையை அழிக்கிறவர்கள் முதலில் அதன் பெயரை அழிக்கிறார்கள். அதை மீட்கிறவர்கள் பெயரையும் சேர்த்தே மீட்க வேண்டியிருக்கிறது.

நம் பகுதியிலும் அப்படி ஒரு பழைய பெயர் உண்டு. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நம் முன்னோர் 'கழுவெளி' என்று அழைத்தார்கள். வெள்ளம் பரந்து நிற்கும் வெளி அது. அரசுப் பதிவேடுகளில் அது வெறும் தரிசு என்றும் புறம்போக்கு என்றும் ஆனது. உழவுக்கு ஆகாது, வீடு கட்ட ஆகாது, ஆகவே ஒன்றுக்கும் ஆகாது என்று முடிவு கட்டப்பட்டது. பெயர் மாறியதும் பார்வை மாறியது. தரிசு என்றால் எதையும் கொட்டலாம், எதையும் கட்டலாம் அல்லவா?

உண்மையில் அந்த வெளி என்ன வேலை செய்தது? தென்சென்னையிலும் அதன் புறநகரிலும் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை, 65 நீர்நிலைகளின் வழியாக இந்தச் சதுப்புக்குத்தான் வந்து சேர்கிறது. நம் முன்னோர் ஏரிகளைத் தனித்தனியாக வெட்டவில்லை, சங்கிலியாகக் கோத்தார்கள். மேலே உள்ள ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று இறங்கி வரும் தண்ணீர் கடைசியில் கழுவெளியில் பரந்து நிற்கும். அங்கே கோரையும் சம்பும் அதன் வேகத்தைத் தணிக்கும். பிறகு ஒக்கியம் மடுவு வழியாக மெல்ல பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கும்.

இறைவாக்கினர் எசாயா 55-ஆம் அதிகாரத்தில் மழையைப் பற்றி ஓர் அழகிய உண்மையைச் சொல்கிறார். வானத்திலிருந்து இறங்கும் மழை, நிலத்தை நனைத்து, முளைக்கச் செய்து, விதைக்கிறவனுக்கு விதையும் உண்பவனுக்கு உணவும் கொடுக்காமல் அங்கே திரும்பிப் போவதில்லை. கடவுளின் வார்த்தையும் அப்படித்தான் என்கிறார். அதாவது, மழைக்கு ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலை முடியும் வரை அது மண்ணில் தங்க வேண்டும். அப்படித் தங்குவதற்காகக் கடவுள் அமைத்த இடங்கள்தான் ஏரி, குளம், கழி, சதுப்பு எல்லாம்.

தங்கிய மழை சதுப்பில் செய்யும் வேலைகள் நான்கு. முதலாவது, வெள்ளத்தை வாங்கி வைத்துக்கொள்கிறது. ஒரே நாளில் வந்த தண்ணீரைப் பல வாரங்களாகப் பிரித்துக் கொடுக்கிறது. இரண்டாவது, நிலத்தடிக்கு இறங்குகிறது. களிமண் உள்ள இடத்தில் மெதுவாகவும், ஏரிப் படுகைகளிலும் மணற்பாங்கான பகுதிகளிலும் விரைவாகவும் இறங்கி, நம் கிணறுகளையும் ஆழ்துளைக் கிணறுகளையும் ஊறவைக்கிறது. கடலோரத்தில் இதற்குத் தனிச் சிறப்பு உண்டு. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் அளவுக்கு நன்னீர் நிலத்தில் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை உப்புநீரை அது தள்ளி நிறுத்தும் என்பது நீரியலின் பொது விதி. நன்னீர் குறைந்தால் கடல் உள்ளே வரும். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி வாழ்கிறவர்கள் பலருக்கு அது குழாய்த் தண்ணீரின் சுவையிலேயே தெரியும். மூன்றாவது, நீர் ஆவியாகி மேலே போய்க் காற்றைக் குளிர்விக்கிறது. மறுபடியும் மேகத்துக்குத் தன் பங்கைக் கொடுக்கிறது. நான்காவது, வண்டலையும் அழுக்கையும் நாணலின் வேர்களில் படியவைத்துத் தண்ணீரைத் தெளியவைக்கிறது.

உலகின் பிற பகுதிகளிலும் கடவுள் இதே வேலையைச் சதுப்புகளிடம்தான் ஒப்படைத்திருக்கிறார். குளிர்நாடுகளிலும் இந்தோனேசியா போன்ற வெப்ப நாடுகளிலும் 'பீட்' எனப்படும் கரிச்சேற்று நிலங்கள் உண்டு. செடிகொடிகள் தண்ணீருக்கடியில் முழுவதும் மட்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து படிந்து உண்டான நிலம் அது. நம் நீலகிரியின் புல்வெளிப் பள்ளத்தாக்குகளில்கூட அத்தகைய நிலம் இருக்கிறது. நனைந்த பஞ்சுபோல அது நீரைப் பிடித்து வைத்து, கோடையில் ஓடைகளுக்குச் சிறிது சிறிதாகக் கொடுக்கும். விவசாயத்துக்காகவும் தோட்டப் பயிருக்காகவும் கால்வாய் வெட்டி அதை வடித்துவிட்டால் நிலம் உலர்ந்து தாழ்கிறது. மழையைப் பிடிக்கும் திறனை இழக்கிறது. தீப்பற்றினால் மாதக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கிறது. 2015-இல் சுமத்ராவிலும் கலிமந்தானிலும் அப்படி எரிந்த நிலத்தின் புகை அண்டை நாடுகளையும் மூச்சுத் திணறவைத்தது. அடுத்த ஆண்டே இந்தோனேசிய அரசு இந்நிலங்களை மீட்பதற்கென்று தனி அமைப்பு ஒன்றை ஏற்படுத்தியது. அவர்கள் கையாண்ட முக்கியமான வழி மிக எளியது: வெட்டிய கால்வாய்களைக் குறுக்கே அடைப்பது. அடைத்தால் நீர்மட்டம் உயர்கிறது. நிலம் மறுபடியும் நனைகிறது. நனைந்த நிலத்தில் தீ பரவுவதில்லை. ஈசாக்கு மண்ணைத் தோண்டி எடுத்தார். இவர்கள் கால்வாயை மண்ணால் அடைக்கிறார்கள். செயல் வேறானாலும் நோக்கம் ஒன்றே. தண்ணீருக்கு அதன் இடத்தைத் திருப்பிக் கொடுப்பதுதான் அது.

நம் கழுவெளிக்கு என்ன நேர்ந்தது? அறுபது ஆண்டுகளுக்கு முன் 5,000 ஹெக்டேருக்கும் மேல் விரிந்திருந்ததாகக் கணக்கிடப்படும் இந்தச் சதுப்பில், இன்று சதுப்பாகவே எஞ்சியிருப்பது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். சாலைகள் அதை ஊடறுத்தன. ரயில் பாதை வந்தது. நிறுவனங்கள் எழுந்தன. அடுக்குமாடிகள் நிறைந்தன. 1980-களிலிருந்து மாநகரின் குப்பை பெருங்குடியில் கொட்டப்பட்டு, இருநூறு ஏக்கருக்கு மேல் மலையாக வளர்ந்தது. 2022 ஏப்ரலில் அந்தக் குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்தபோது, சுற்றுவட்டாரத்தில் சன்னலைத் திறக்க முடியாமல் குழந்தைகளும் முதியோரும் பட்ட பாடு நம் நினைவில் இருக்கிறது. பெலிஸ்தியர் கிணற்றில் மண்ணைத்தான் போட்டார்கள். இங்கே போடப்பட்டது அதைவிடக் கொடியது; மழை பெய்யும்போதெல்லாம் அதிலிருந்து வடிந்த கழிவுநீர் சதுப்பிலும் நிலத்தடியிலும் இறங்கியது.

விளைவை மூன்று ஆண்டுகள் நமக்குக் கற்றுக்கொடுத்தன. 2015 டிசம்பர் முதல் நாள், தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சதுப்பில் நிற்க வேண்டிய தண்ணீர் தெருக்களில் நின்றது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. பழைய மகாபலிபுரம் சாலையில் சில தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் தண்ணீர் இல்லாமல் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். பள்ளிக்கரணையிலும் பெரும்பாக்கத்திலும் வேளச்சேரியிலும் மக்கள் படகில் மீட்கப்பட்டார்கள். மின்சாரமும் பாலும் குடிநீரும் இல்லாமல் நாள்கணக்கில் மாடியில் காத்திருந்தவர்கள் பலர்.

வெள்ளம் வந்தபோது நீர் மிகுதி என்றோம். வறட்சி வந்தபோது நீர் இல்லை என்றோம். சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு சில வாரங்களிலேயே கொட்டித் தீர்த்துவிடும். ஆக, நமக்குக் குறைந்திருப்பது மழை அல்ல. மழை தங்கும் இடம்தான். இன்று மழை நம் தெருவில் விழுகிறது, சிமெண்டில் ஓடுகிறது, வடிகாலில் இறங்குகிறது, சில மணி நேரத்தில் கடலைச் சேர்கிறது. எசாயா சொன்ன அந்த வேலையைச் செய்யாமலே மழை திரும்பிப் போகிறது.

இது துயரக் கதை மட்டுமல்ல, அன்பர்களே. நம் நாளிலும் கிணற்றைத் தோண்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மீனவர்கள், மாடு மேய்ப்பவர்கள், பறவை ஆர்வலர்கள், குடியிருப்போர் நலச் சங்கங்கள், அறிஞர்கள், வழக்குத் தொடுத்தவர்கள் எனப் பலர் ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்ததால், 2007-இல் சதுப்பின் ஒரு பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் காப்புக்காடும் அதை ஒட்டிய நிலங்களுமாக 1,247 ஹெக்டேர் பரப்பு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாகச் சேர்க்கப்பட்டது. பள்ளிக்கரணைக்காக நெடுங்காலம் உழைத்த கேர் எர்த் அறக்கட்டளையின் முனைவர் ஜெயஸ்ரீ வெங்கடேசன், 2025-இல் ஈரநிலங்களின் அறிவார்ந்த பயன்பாட்டுக்கான ராம்சார் விருதைப் பெற்றார். இந்தியாவிலிருந்து அந்த விருதைப் பெற்ற முதல்வர் அவரே. மேலே சங்கிலியில் உள்ள செம்பாக்கம் ஏரியும் சீரமைக்கப்பட்டிருக்கிறது. பெருங்குடிக் குப்பைமேட்டை மாநகராட்சி பயோமைனிங் முறையில் சலித்துப் பிரிக்கிறது. மண் வேறாக, கல் வேறாக, பிளாஸ்டிக் வேறாக எடுத்து, கொட்டிய நிலத்தை மீட்கும் பணி அது. கொட்டுவதற்கு ஒரு லாரியும் ஒரு நிமிடமும் போதும். பிரித்து எடுக்க ஆண்டுகள் தேவைப்படுகின்றன. பாவத்துக்கும் மனமாற்றத்துக்கும் உள்ள வேறுபாடும் இதுதான் அல்லவா?

மீட்பது என்றால் என்ன என்பதிலும் நமக்குத் தெளிவு வேண்டும். ஆழமாகத் தோண்டி, சுற்றிலும் சுவர் எழுப்பி, நடைபாதையும் விளக்கும் போட்டால் அது பூங்கா ஆகலாம், சதுப்பு ஆகாது. சதுப்பின் சிறப்பே அதன் ஆழமின்மை. மழையில் பரந்து, கோடையில் சுருங்கி, சில இடங்களில் சேறாகவும் சில இடங்களில் உப்புப் படிந்தும் கிடப்பதால்தான் பூநாரையும் கூழைக்கடாவும் அங்கே வருகின்றன. இறைவாக்கினர் எசேக்கியேல் 47-ஆம் அதிகாரத்தில் கோவிலிலிருந்து புறப்படும் ஆற்றைக் காண்கிறார். அது போகும் இடமெல்லாம் உயிர் தழைக்கிறது. மீனவர்கள் கரையில் வலை விரிக்கிறார்கள். ஆனால் அந்த ஆறு சேற்று நிலங்களையும் சதுப்புகளையும் நன்னீராக மாற்றுவதில்லை. அவை உப்புக்கென்று அப்படியே விடப்படுகின்றன. எல்லாவற்றையும் புதுப்பிக்கும் கடவுளின் ஆறுகூட சதுப்பைச் சதுப்பாகவே விட்டுவைக்கிறது. எல்லா நிலமும் ஒரே மாதிரி பயன்பட வேண்டும் என்பது நம் ஆசை. ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பணி என்பது கடவுளின் ஏற்பாடு.

ஆகவே சதுப்பை மீட்பதன் உயிர்நாடி வழிகளில் இருக்கிறது. தண்ணீர் வரும் வரத்துக்கால்களும், போகும் ஒக்கியம் மடுவும் அடைபடாமல் இருக்க வேண்டும். வருவது மழைநீராக இருக்க வேண்டும். சாக்கடையாக இருக்கக் கூடாது. மீட்ட நிலம் மறுபடியும் வேறொரு கட்டடத்துக்குப் போகாமல் தண்ணீருக்கே போய்ச் சேர வேண்டும்.

இங்கேதான் வாசகத்தின் இரண்டாம் பகுதி நம்மைத் தொடுகிறது. ஈசாக்கின் ஆள்கள் ஒரு கிணற்றில் ஊற்றைக் கண்டதும் கெராரின் மேய்ப்பர்கள் வந்து, தண்ணீர் தங்களுடையது என்று வாதிட்டார்கள். அந்தக் கிணற்றுக்கு 'வாக்குவாதம்' என்ற பொருளில் பெயர் வந்தது. அடுத்ததைத் தோண்டினார்கள், அதற்கும் சண்டை. அதன் பெயர் 'பகை' என்றானது. தண்ணீரை மீட்கும்போதெல்லாம் 'யாருடைய தண்ணீர், யாருடைய நிலம்' என்ற கேள்வி எழத்தான் செய்யும்.

நம்மிடையேயும் அது எழுந்திருக்கிறது. 2025-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, ராம்சார் பகுதியிலும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் தொலைவிலும் ஆய்வு முடியும்வரை புதிய கட்டுமான அனுமதிகளைத் தடுத்து ஆணையிட்டது. இயற்கையை நேசிப்போர் மகிழ்ந்தார்கள். வாழ்நாள் சேமிப்பையும் வங்கிக் கடனையும் போட்டு மனை வாங்கியவர்கள் கலங்கினார்கள். அவர்களில் நம் பங்கு மக்களும் உண்டு. பட்டாவும் அனுமதியும் இருப்பதாகக் காட்டியதை நம்பி வாங்கிய குடும்பத்தைக் குற்றவாளிபோலப் பார்ப்பது நீதியல்ல. அதே நேரத்தில், அவர்கள் வேதனையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு பெரிய அளவில் சதுப்பை விழுங்க நினைப்போருக்கு இடம் கொடுப்பதும் நீதியல்ல.

இன்னும் ஆழமான ஒரு காயமும் இருக்கிறது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய மறுகுடியமர்வுக் குடியிருப்புகளில் வாழ்வோரில் பெரும்பாலோர், கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் கொண்டுவந்து குடியேற்றப்பட்ட ஏழைகள். நீர்நிலையை ஆக்கிரமித்தவர்கள் என்று சொல்லி ஓரிடத்திலிருந்து அகற்றப்பட்ட பலர், மற்றொரு நீர்நிலையின் விளிம்பில், வெள்ளம் வரும் தாழ்நிலத்தில் வைக்கப்பட்டார்கள். வேலையும் பள்ளியும் பழகிய தெருவும் 20 கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டன. மழைக்காலத்தில் முதலில் நனைவது அவர்கள் வீடு. கோடையில் குடம் வைத்துக் காத்திருப்பதும் அவர்கள்தான். ஆக்கிரமிப்பு என்ற சொல் குடிசையின் மேல் எளிதாக விழுகிறது. கோபுரத்தின் மேல் விழத் தயங்குகிறது. சதுப்பை மீட்கும் பணி மறுபடியும் ஏழைகளின் தலையில் மட்டும் விடியுமானால், நாம் தோண்டும் கிணற்றின் பெயர் 'பகை' என்றுதான் இருக்கும்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்ற சுற்றுமடலில், பூமியின் கூக்குரலும் ஏழைகளின் கூக்குரலும் பிரிக்க முடியாதவை என்று கற்பித்தார். பாதுகாப்பான குடிநீர் அடிப்படை மனித உரிமை என்றார். சதுப்பு நிலங்கள் வேறு பயன்பாட்டுக்கு மாற்றப்படும்போது அவை தாங்கிய உயிர்வளம் இழக்கப்படுவதையும் 39-ஆம் எண்ணில் சுட்டிக்காட்டினார். பாக் நீரிணைக்கு அப்பால், நீர்கொழும்புக்கு அருகே உள்ள முத்துராஜவெல என்ற கரிச்சேற்றுச் சதுப்புக்கு ஆபத்து வந்தபோது, கொழும்புப் பேராயர் கர்தினால் மால்கம் ரஞ்சித் 2021-இல் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். அதைச் சுற்றி வாழ்வோரில் மீனவரும் எளியோரும் மிகுதி. சதுப்புக்காகப் பேசுவது அரசியல் அல்ல, மேய்ப்புப் பணி என்பதற்கு இது சான்று.

சரி, பெருங்குடியில் வாழும் நாம் இந்த மழைக்காலத்துக்கு முன் எதைக் கையில் எடுக்கலாம்?

முதலில், நம் வீட்டிலும் ஆலய வளாகத்திலும் விழும் மழையை அங்கேயே இறக்குவோம். தமிழகத்தில் 2003-இலேயே மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டது. பல வீடுகளில் குழாய் இருக்கிறது. அது இறங்கும் குழி தூர்ந்து கிடக்கிறது. அதைத் திறந்து, வண்டலை அள்ளி, கூழாங்கல்லையும் மணலையும் கழுவிப் போடுவது ஒரு சனிக்கிழமை வேலைதான். நம் நாளில் ஈசாக்கின் கிணறு அதுவே. முற்றம் முழுவதும் சிமெண்ட் போடும் எண்ணம் இருந்தால், ஒரு பகுதியையாவது மண்ணாக விடுவோம்.

இரண்டாவது, குப்பையைப் பிரித்துக் கொடுப்போம். பிரிக்காத ஒவ்வொரு பையும் இன்னொரு குப்பைமேட்டின் முதல் கல். திருவிழாக்களிலும் அன்பின் விருந்துகளிலும் தூக்கி எறியும் தட்டையும் குவளையையும் தவிர்ப்பது ஒவ்வோர் அன்பியத்தாலும் முடியும். கழிவுநீரை மழைநீர் வடிகாலில் இணைத்திருக்கும் வீடுகள் அதைத் துண்டித்துச் சரியான இணைப்புப் பெற வேண்டும். அந்த வடிகால் போய்ச் சேரும் இடம் கழுவெளி என்பதை மறவாதிருப்போம்.

மூன்றாவது, நிலம் வாங்கும் முன் அதன் பழைய பெயரைக் கேட்போம். விலையையும் பேருந்து நிறுத்தத்தையும் விசாரிக்கும் நாம், பழைய கிராம வரைபடத்தில் அது ஏரியா, கால்வாயா, கழுவெளியா என்று விசாரிப்பதில்லை. ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் தண்ணீர் எந்த வழியாக ஓடியது என்று கையை நீட்டிக் காட்டுவார்கள். மறைக்கல்வி மாணவர்களையும் இளையோரையும் அந்தப் பெரியவர்களோடு உட்காரவைத்து, தூர்ந்துபோன வரத்துக்கால்களின் பெயர்களை எழுதிவைக்கச் சொல்வோம். பெயர் தெரிந்த தலைமுறைதான் மறுபடியும் தோண்டும்.

நான்காவது, வெள்ளம் வந்தபின் உணவுப் பொட்டலம் கொண்டுபோவதோடு நிற்க வேண்டாம். வார்டு அளவில் நடக்கும் பகுதி சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று, ஒக்கியம் மடுவில் அடைப்பு நீங்கியதா, கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் வடிகால் தயாரா என்று பருவமழைக்கு முன்பே கேட்போம். நம் தெருவுக்காகக் கேட்பது உரிமை. நம்மைவிடத் தாழ்ந்த தெருவுக்காகக் கேட்பது அன்பு.

அன்பர்களே, நம் மண்ணில் நம்பிக்கையும் தண்ணீரும் சேர்ந்தே நினைவில் நிற்கின்றன. சின்னமலையில் புனித தோமா தாகத்தோடு வந்த மக்களுக்காகப் பாறையில் ஊற்றைத் திறந்தார் என்று மரபு சொல்கிறது. இன்றும் அங்கே போகிறவர்கள் அந்த நீரைப் பக்தியோடு எடுத்துச் செல்கிறார்கள். திருத்தூதரின் ஊற்றை மதிக்கிற நாம், படைத்தவரின் சதுப்பையும் மதிக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஈசாக்கு மூன்றாம் முறையும் தோண்டினார். அந்தக் கிணற்றுக்காக யாரும் சண்டையிடவில்லை. ஆண்டவர் நமக்குப் பரந்த இடம் கொடுத்தார் என்று சொல்லி, 'பரந்த வெளி' என்ற பொருளிலேயே அதற்குப் பெயரிட்டார். பிறகு, அவரைத் துரத்திவிட்ட அபிமெலக்கே அவரைத் தேடி வந்து சமாதானம் பேசினான். இருவரும் சேர்ந்து உண்டார்கள்; உடன்படிக்கை செய்தார்கள். அதே நாளில் ஈசாக்கின் வேலையாள்கள் ஓடிவந்து, தண்ணீர் கண்டோம் என்று அறிவித்தார்கள். சமாதானமும் தண்ணீரும் ஒரே நாளில் கிடைத்தன. ஒன்றை விட்டு மற்றொன்றை நாம் பெற முடியாது.

மன்றாடுவோம்.

வானையும் மண்ணையும் படைத்த எல்லாம் வல்ல இறைவா, மழையை அனுப்பி, அது தங்க இடத்தையும் எங்களுக்குத் தந்தவர் நீரே. பெருங்குடியின் கழுவெளியையும் அதில் வாழும் உயிர்களையும் உமது பாதுகாப்பில் வைத்தருளும். வரும் மழைக்காலத்தில் தாழ்வான தெருக்களில் வாழும் எங்கள் சகோதர சகோதரிகளைக் காத்தருளும். அதிகாரத்தில் இருப்போருக்கு நேர்மையையும், உழைப்போருக்குப் பொறுமையையும், சொந்த வீட்டுக்காகக் கலங்கி நிற்கும் குடும்பங்களுக்கு நீதியான வழியையும் தந்தருளும். தூர்ந்த கிணறுகளைத் தோண்ட எங்கள் கைகளுக்கு வலிமை தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.